பாலம், சதுக்கம், நெடுஞ்சாலை: ஆண்டு முழுக்க நான் ஓடும் ஓட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங் பக்கம் குடியிருக்கிறேன். 39 வயதில் ஓடத் தொடங்கி இப்போது பத்து வருடம் ஆகிறது. அலுவலகத்தில், கோயிலில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, எந்த ஓட்டத்துக்குப் பேர் கொடுக்கலாம்?" என்று தொடங்குவார். அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். நான் ஃபுல் மாரத்தானை ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் எடுத்து முடிப்பவள். கூட்டத்தின் நடுவுக்கும் கடைசிக்கும் இடையில் ஓடுபவர்களுக்கு இது பயன்படும்.

ஆண்டுக்கு எத்தனை ஓட்டம் ஓடுவீர்கள்? எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

ஐந்து, மிஞ்சினால் ஆறு. அதில் ஒன்றுதான் ஃபுல், அதாவது 42.195 கிலோமீட்டர். இரண்டு ஹாஃப், அதாவது அதில் பாதித் தூரம். மற்றவை 10 கிலோமீட்டர்.

முதல் இரண்டு வருடம் கண்ணில் பட்டதற்கெல்லாம் பேர் கொடுத்தேன். நம் நாட்டில் வாரத்துக்கு ஒரு ஓட்டமாவது எங்கேயாவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அலமாரிக் கதவு மூட முடியாத அளவுக்கு மெடல்கள் சேர்ந்தன. ஒருநாள் அவற்றைத் துடைத்து அடுக்கும்போது பார்த்தால், பாதிக்கு மேல் எந்த ஊரில் வாங்கியது என்று பின்பக்கம் திருப்பிப் படித்தால்தான் தெரிந்தது. ஓடிய சாலை ஒன்றுகூட மனசில் நிற்கவில்லை. அன்றிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: மற்ற நாளில் நான் கால் வைக்க முடியாத சாலையா இது? ஆம் என்றால் போவேன். கடல் மேல் போகிற பாலம், பட்டணத்தின் நடு ரோடு, காடிகள், அதாவது கார்கள், பறக்கிற நெடுஞ்சாலை. இந்த மாதிரி இடங்களை ஒரு ராத்திரி நமக்காகத் திறந்துவிடுகிறார்கள் என்றால் அதற்குக் காசும் கொடுக்கலாம், தூக்கத்தையும் கொடுக்கலாம். பூங்காவை நாலு சுற்றுச் சுற்ற நூறு வெள்ளி (ரிங்கிட்) எதற்கு? பூங்கா தினமும் திறந்துதான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பிடித்தது எது?

பினாங்கு பாலம் அனைத்துலக மாரத்தான். இதற்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை.

பாலம் 1985இல் திறந்தபோது எனக்கு 9 வயது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். அதுவரை அக்கரைக்குப் போக ஃபெரிதான். பாலம் திறந்த சில நாளில் அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து அக்கரை வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். நடுப்பாலத்தில் நிறுத்தச் சொல்லி அழுதிருக்கிறேன். "இங்கே இறங்கக் கூடாதும்மா, போலீஸ் பிடிப்பான்" என்றார். உண்மைதான். அந்தப் பாலத்தில் நடக்கவும் கூடாது, சைக்கிள் ஓட்டவும் கூடாது. மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடல் மேல் போகிறது. இத்தனை வருடமாக ஆயிரம் தடவை அதைக் கடந்திருப்பேன், எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துதான்.

முதல்முறை ஹாஃப் ஓடினபோதுதான் என் காலால் அதன் மேல் நின்றேன். தொடக்கம் குவீன்ஸ்பே பக்கம். கரையோர விரைவுச்சாலை வழியாகப் போய்ப் பாலத்தில் ஏறுவீர்கள். காடியில் போகும்போது பாலம் தட்டையாகத்தான் தெரியும். ஓடும்போதுதான் நடுப்பகுதிக்கு ஏறுவது தொடையில் தெரிகிறது. கப்பல் போக வேண்டும் என்பதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வடம் பிடித்து நிற்கும் அந்த நடுத் துண்டு மட்டும் 225 மீட்டர். அங்கே போய்ச் சேர்ந்தபோது நான் நின்றுவிட்டேன். ஓரத்துத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். இருட்டில் தண்ணீர் தெரியவில்லை, ஒரு மீன்பிடிப் படகின் விளக்கு மட்டும் தெரிந்தது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. பின்னால் ஆயிரக்கணக்கான காலணிகள் ஒரே சீராகத் தரையில் தட்டும் சத்தம், மழை பெய்வது போல. அப்பா அப்போது உயிரோடு இல்லை. அந்த இடத்தில் என்ன நினைத்தேன் என்று எழுத வேண்டியதில்லை. நேரம் இரண்டு மூன்று நிமிடம் கூடியது. கூடட்டும்.

வழக்கமாக ஆண்டுக் கடைசியில், டிசம்பர் வாக்கில் நடக்கும். பினாங்கில் மழை கொட்டித் தீர்ப்பது செப்டம்பர், அக்டோபரில். டிசம்பரில் கொஞ்சம் தெளிந்துவிடும். ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுத்ததை எல்லாம் கொண்டுவந்து சேர்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பாலத்தில் ஏறத்தான் வருகிறீர்கள் என்றால் ஹாஃப் அல்லது ஃபுல்லுக்குப் பேர் கொடுங்கள். சின்னத் தூரங்களுக்கு அந்த வருடம் பாதை எங்கே போகிறது என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பாலம் ஆடுமா? பயமாக இருக்காதா?

ஆடாது. ஆனால் பாலத்தின் தளங்கள் சேரும் இடத்தில் குறுக்கே இரும்புப் பட்டைகள் இருக்கும். மழை தூறியிருந்தால் அவை வழுக்கும். என் முன்னால் ஓடிய ஒரு தம்பி அதில் சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். அந்த இடம் வரும்போது காலடியைச் சின்னதாக்கி, நேராக மிதித்துத் தாண்டுங்கள். பயம் அவ்வளவுதான்.

எதற்கு நடுச்சாமத்தில் ஓட விடுகிறார்கள்?

வெயில். முக்கியக் காரணம் அதுதான். இங்கே ராத்திரியிலும் 24, 25 டிகிரி வாக்கில்தான் இருக்கும். காற்றில் ஈரம் கூட என்பதால் வியர்வை உடம்பிலேயே நிற்கும், காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சூரியன் வந்துவிட்டால் பத்தே நிமிடத்தில் எல்லாம் தலைகீழாகும். அதனால்தான் பாலத்தில் ஃபுல் ஓடுபவர்களை ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்கே விட்டுவிடுவார்கள். கோலாலம்பூரில் மூன்றரை, நாலு மணி வாக்கில்.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள், சபா சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்க. அதனால் இங்கே விடிவதே ஏழு மணிக்கு மேல்தான். காலை ஆறரைக்கும் விளக்கு வெளிச்சத்தில் ஓடலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த என் சித்தி மகள் இதைப் பார்த்து அசந்துபோனாள்.

அப்போ தூங்குவது எப்போது?

முதல் நாள் ராத்திரி தூங்க முடியாது, அதை ஏற்றுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் படுப்பேன். அதைவிட முக்கியம் வெள்ளிக்கிழமைத் தூக்கம். அன்று ஒன்பது மணிக்கே படுக்கைக்குப் போய்விடுவேன், யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும்.

கோலாலம்பூர் மாரத்தானுக்கு ஏன் எல்லோரும் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

கோலாலம்பூர் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் மாரத்தான் 2009இல் தொடங்கியது. இப்போது அக்டோபரில், சனி ஞாயிறு இரண்டு நாளாக நடத்துகிறார்கள். பேர் கொடுக்கத் திறந்ததும் இடம் நிறைந்துவிடும், அதனால் அறிவிப்பு வரும் நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கமும் முடிவும் டத்தாரான் மெர்டேக்கா, அதாவது சுதந்திரச் சதுக்கம். 1957 ஆகஸ்டில் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடியை இறக்கிய அதே திடல். எதிரே 1897இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், மணிக்கூண்டில் விளக்குப் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே நின்று பாருங்கள். சீனக் கிழவர்கள் நாலு பேர் ஒரே நிறச் சட்டையில் கை காலை உதறிக்கொண்டிருப்பார்கள். முக்காடு போட்ட பெண்கள் கூட்டமாகப் படம் எடுப்பார்கள். ஒரு மூலையில் நம் பிள்ளைகள் நெற்றியில் விபூதியோடு நிற்பார்கள். நாட்டுப்பண் பாடும்போது எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். எத்தனை தடவை ஓடினாலும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் பாதை சுலபம் என்று நினைக்காதீர்கள். கோலாலம்பூர் மேடும் பள்ளமுமான ஊர். காடியில் போகிறவருக்கு அது தெரியாது. நெடுஞ்சாலை ஏற்றங்கள் நீளமானவை, கண்ணுக்குத் தெரியாமல் ஏறுபவை. 30 கிலோமீட்டருக்குப் பிறகு சின்ன மேம்பாலம்கூட மலை மாதிரி தெரியும். முதல் பாதியில் கால் லேசாக இருக்கிறது என்று ஓடிவிட்டால், இரண்டாவது பாதியில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். பேஸர் என்று, குறித்த நேரத்தில் முடிக்கும் வேகத்தில் பலூன் கட்டிக்கொண்டு ஓடுவார்களே, அவர்களில் உங்கள் நேரத்துக்கு அரை மணி நேரம் பிந்திய ஒருவரோடு முதல் 15 கிலோமீட்டர் போங்கள். நான் அப்படிச் செய்த வருடம்தான் கடைசி வரை நடக்காமல் ஓடினேன்.

பினாங்கிலிருந்து எப்படிப் போய், எங்கே தங்குகிறீர்கள்?

ஃபெரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து இ.டி.எஸ். என்ற மின்சார ரயில். நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். காடி ஓட்டிப்போனால் திரும்பி வரும்போது காலில் சதை பிடிக்கும், கிளட்சை மிதிக்க முடியாது. தங்குவது சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸில். சாப்பாடு காலடியில், சதுக்கமும் பக்கம். சனிக்கிழமை சாயந்திரம் துன் எச்.எஸ். லீ சாலை மகா மாரியம்மன் கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து படுப்பேன். தைப்பூசத் தேர் பத்துமலைக்குப் புறப்படும் கோயில் அது. மறுநாள் ஓடப்போகும் ரோட்டைச் சாதாரண நாளில் ஒருதடவை பார்த்த மாதிரியும் ஆயிற்று.

புகைமூட்டம் வந்தால் என்ன ஆகும்?

இரண்டு முறை பெரிய அளவில் அப்படி ஆனது. 2013இல் ஜூனில் நடக்கவேண்டிய கோலாலம்பூர் மாரத்தானைப் புகைமூட்டத்தால் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். 2015 அக்டோபரில் ஓட்டத்தையே ரத்து செய்தார்கள். சுமத்ராவில் காடும் கரிநிலமும் (மட்கிய செடிகொடிகள் படிந்த சதுப்பு மண்) எரியும்போது, ஆண்டின் நடுவில் வீசும் தென்மேற்குக் காற்று அந்தப் புகையை நம் பக்கம் கொண்டுவருகிறது. கரிநிலம் மண்ணுக்கு அடியிலேயே புகைந்துகொண்டிருக்கும், அணைப்பது லேசான வேலை இல்லை.

ரத்து செய்தால் கோபப்படாதீர்கள். ஓடும்போது நாம் இழுக்கும் காற்று உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு அதிகம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் நான் வெளியில் பயிற்சி செய்வதில்லை, வீட்டுக்குள் படி ஏறி இறங்குவேன். என் அக்கா மகனுக்கு ஆஸ்துமா. 2015இல் அவன் மூச்சுக்குத் திணறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு மெடலுக்காக அந்தக் காற்றில் யாரையும் ஓடச் சொல்ல மாட்டேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் என்ன ஓடலாம்?

ஜனவரியில் டுவின்சிட்டி மாரத்தான் இருக்கிறது, சைபர்ஜெயா, புத்ராஜெயா பக்கம். புத்ராஜெயாவின் அகலமான சாலைகளும் ஏரி மேல் போகும் பாலங்களும் ராத்திரியில் அழகு. ஆள் குறைவு, கை தட்ட வீடுகள் இல்லை. அமைதியாக ஓடப் பிடித்தவர்களுக்கு ஏற்றது. எனக்கு ஜனங்களின் சத்தம் வேண்டும், அதனால் ஒருமுறை ஓடியதோடு சரி.

தைப்பூச மாதத்தில் ஓடுவீர்களா?

தைப்பூசத்தை ஒட்டி எந்த ஓட்டத்துக்கும் பேர் கொடுக்க மாட்டேன். அந்த இரண்டு மூன்று நாள் தண்ணீர்மலைக்கு நடக்கும் நடையே போதுமான பயிற்சி. பினாங்கு வீதியிலிருந்து வெறுங்காலோடு தேரின் பின்னால் நடந்து, மலைக்கோயிலின் 513 படி ஏறி இறங்கிப் பாருங்கள், மறுநாள் கெண்டைக்கால் என்ன சொல்கிறது என்று.

ஓட்டங்களில் தண்ணீர் கொடுக்கும் மேசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் தண்ணீர்ப் பந்தல்தான் நினைவுக்கு வரும். சின்ன வயதில் பாட்டியோடு பந்தலில் நின்று மோரும் பானகமும் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். யார் என்ன என்று பார்க்காமல் நீட்டிய கைக்கெல்லாம் கொடுப்போம். விடியற்காலை நாலு மணிக்கு ரோட்டோரம் நின்று முகம் தெரியாதவருக்கு ஒரு குவளையை நீட்டும் பள்ளிப் பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள். குவளையை வாங்கும்போது "திரிமா காசே" என்று மலாயில் நன்றியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். மூச்சு இல்லை என்றால் தலையையாவது அசையுங்கள். குடித்த குவளையை ரோட்டின் நடுவில் வீசாதீர்கள், பின்னால் வருபவர் மிதித்துச் சறுக்குவார்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

தாகம் எடுத்தால் குடியுங்கள். இது சின்ன விஷயம் இல்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் குறைந்தால் மயக்கம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்து என்று பலருக்குத் தெரியாது. நாலைந்து மணி நேரம் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், புத்தித் தடுமாற்றம், முற்றினால் வலிப்பு வரை போகும். என்னைப் போல மெதுவாக ஓடுபவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, ஏனென்றால் நாங்கள்தான் ஒவ்வொரு மேசையிலும் நின்று நிதானமாகக் குடிப்பவர்கள்.

நான் ஒரு மேசையில் தண்ணீர், அடுத்ததில் 100 பிளஸ் என்ற உப்புச்சத்துப் பானம் என்று மாற்றி மாற்றி இரண்டு மூன்று வாய் குடிப்பேன். கால்சட்டைப் பையில் நாலு ஆசாம் போய் இருக்கும், அந்த உப்புப் போட்ட காய்ந்த பிளம் பழம். 25 கிலோமீட்டருக்குப் பிறகு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் உப்பும் புளிப்பும் சேர்ந்து குமட்டலை அடக்கிவிடும். கொட்டையைத் துப்ப அவசரப்பட வேண்டாம், அதுவே இரண்டு கிலோமீட்டர் துணைக்கு வரும்.

சாப்பாடு?

முதல் நாள் மதியம் சோறு, ரசம், முட்டை. ராத்திரி ஏழு மணிக்கு இட்லி நாலு, சட்னி காரம் இல்லாமல். கறி, பயறு, புதுக் கடையின் எதுவும் கிடையாது. தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் ரொட்டித் துண்டில் காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவி ஒன்று, ஒரு வாழைப்பழம். காப்பி பழக்கம் என்றால் அரைக் குவளை. முடித்த பிறகு மைலோ வேனிலிருந்து குளிர்ந்த மைலோ ஒரு சின்னக் குவளை கிடைக்கும். மற்ற நாளில் அதைக் கையால் தொட மாட்டேன், அன்றைக்கு அதற்கு நிகர் எதுவுமில்லை. பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் ரொட்டி சானாய், தே தாரிக். அது என் உரிமை.

சின்ன ஓட்டங்கள் வேண்டாம் என்கிறீர்களா?

அப்படி இல்லை. பள்ளிக்கூடத்துக்கோ சிறுநீரக நோயாளிகளுக்கோ நிதி திரட்ட நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டங்களுக்குக் குடும்பத்தோடு போவேன். முதல்முறை ஓடுபவருக்கு அதுதான் சரியான வாசல். நான் எச்சரிப்பது, பேரும் படமும் பெரிதாகப் போட்டு, நடத்தும் அனுபவம் இல்லாமல் நடத்தும் ஓட்டங்களைப் பற்றி.

ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு ஹாஃபில் எனக்கு நடந்தது. 14 கிலோமீட்டரில் தண்ணீர் மேசைக்கு வந்தால் காலிப் பெட்டிகள் மட்டும் கிடந்தன. முன்னால் போனவர்கள் பாட்டிலை முழுசாக எடுத்துப் போயிருந்தார்கள். சந்திப்பில் காடிகளை நிறுத்த ஆள் இல்லை. எனக்கு முன்னால் ஓடிய ஒரு பெரியவர் உட்கார்ந்துவிட்டார், முகம் வெளுத்துப்போயிருந்தது. நாங்கள் மூன்று பேர் ஓட்டத்தை விட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்து ஒரு பெட்ரோல் நிலையத்தில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தோம். கடைக்காரப் பையன் காசு வாங்கவில்லை. ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆனது. அந்தப் பெரியவர் நலமாகிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து, எந்தப் புது ஓட்டத்துக்கும் பேர் கொடுக்கும் முன் மூன்று விஷயம் விசாரிப்பேன்: தண்ணீர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று, சாலையை முழுசாக மூடுகிறார்களா, மருத்துவக் குழு எங்கே நிற்கும். இதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

பெரிய மாரத்தான் என்றால் நூறு வெள்ளிக்கு மேல்தான். ரயில், அறை, சாப்பாடு சேர்த்தால் கோலாலம்பூர் பயணம் எனக்கு மாதச் சம்பளத்தில் நன்றாகவே தெரியும். அதனால்தான் ஆண்டுக்கு ஒன்று. பாலத்துக்கு நான் வீட்டிலிருந்தே போய்விடுவேன். காலணியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், தேய்ந்த அடியோடு ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் இருட்டில் ஓடுவது பாதுகாப்பா? வீட்டில் ஒப்புக்கொள்வார்களா?

ஓட்ட நாளில் பயமில்லை, சுற்றிலும் ஆயிரம் பேர். பயிற்சி நாட்கள்தான் கேள்வி. நான் விடிவதற்கு முன் தனியாக ஓடியதே இல்லை. எங்கள் வட்டாரத்தில் ஆறு பெண்கள் இருக்கிறோம். இரண்டு சீனர், ஒரு மலாய்க்காரர், மூன்று தமிழர். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் வீட்டு வாசலில் போய் நிற்போம். காதில் பாட்டு ஒரு பக்கம் மட்டும். இருட்டில் தெரிகிற சட்டை.

வீட்டைப் பற்றிச் சொல்வதானால், என் மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. "இந்த வயசுல கால்சட்டை போட்டுக்கிட்டு ரோட்டுல ஓடணுமா?" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு டிசம்பரில் அவரைக் குவீன்ஸ்பே முடிவுக்கோட்டுப் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். எழுபது வயது தாண்டிய ஒரு சீனப் பாட்டி ஓடி முடிப்பதைப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து சாயந்திரம் தாமான் பெலியா பூங்காவில் நடக்கத் தொடங்கினார். இப்போது என் காலணி வாசலில் இல்லை என்றால், "இன்னைக்கு ஓடலையா?" என்று கேட்பவரே அவர்தான்.

நம்மவர்கள் ஓடுவது குறைவுதானே?

யார் சொன்னது? 1966இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதை முதன்முதலாகக் கொடுத்தபோது வாங்கிய இருவரும் ஓட்டக்காரர்கள், எம். ஜெகதீசன், எம். ராஜாமணி. 1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டி நடந்தபோது 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வாங்கியவர் ஜி. சரவணன். 50 கிலோமீட்டர் என்பது மாரத்தானைவிட நீளம். எனக்கு அப்போது 22 வயது. தொலைக்காட்சி முன் வீடே எழுந்து நின்றது. இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பேர்களைச் சொல்லிக் கொடுங்கள்.

எங்கே பயிற்சி செய்வது?

பினாங்கில் கர்ப்பால் சிங் டிரைவின் கடலோரம் சமதளம், தொடங்குபவர்களுக்கு நல்லது. மேடு வேண்டும் என்றால் தண்ணீர்மலை பூந்தோட்டத்திலிருந்து பினாங்குக் கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதை, ஏறக்குறைய 5 கிலோமீட்டர், நின்று மூச்சு வாங்காமல் நான் இன்றுவரை ஏறியதில்லை. தோட்டத்தில் கையில் நெகிழிப் பை கொண்டு போகாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு புக்கிட் அமான் வாகன நிறுத்துமிடத்திலிருந்து தாசேக் பெர்டானா ஏரிப் பூங்காச் சுற்று, அல்லது கே.எல்.சி.சி. பூங்காவின் 1.3 கிலோமீட்டர் ரப்பர் பாதை.

நேரம் முடிந்துவிட்டால் விரட்டிவிடுவார்களா?

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கட்-ஆஃப் நேரம் உண்டு, ஃபுல்லுக்கு ஏழு மணி நேரத்தை ஒட்டி இருக்கும். சாலையைத் திரும்பக் காடிகளுக்குத் திறந்தாக வேண்டுமே. பின்னால் ஒரு பேருந்து மெதுவாக வரும், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும். அதில் ஏறுவதில் எந்த அவமானமும் இல்லை. என் தோழி ஒருத்தி 33ஆவது கிலோமீட்டரில் ஏறினாள், அடுத்த வருடம் முடித்துக்காட்டினாள்.

ஓடாமல் பார்க்க மட்டும் வரலாமா?

கட்டாயம் வாருங்கள். எல்லோரும் முடிவுக்கோட்டில்தான் கூடுவார்கள். நீங்கள் அங்கே நிற்காதீர்கள். ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால் வெளிச்சம் குறைவான இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஓடுகிறவருக்குத் துணை தேவைப்படும் இடம் அது. ஐஸ் கட்டிகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தால் கழுத்தில் வைத்துக்கொள்ள ஆளாளுக்கு ஒன்று கொடுக்கலாம். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று பொய் சொல்லாதீர்கள், சரியான தூரத்தைச் சொல்லுங்கள். மார்பில் குத்தியிருக்கும் எண் பட்டையில் சிலருக்குப் பேரும் அச்சடித்திருக்கும். அதைப் படித்து, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.